அவளுடைய தட்டில் விழும் வட்டம்

ஊரில் மற்றவர்கள் மாடு வளர்த்துப் பால் கறந்து பிழைக்கிறார்கள். நாங்கள் அந்தப் பாலில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பிழைக்கிறோம்.

கண்டியில், கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற பக்கம், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் லேப். கீழே சூட்டில் பாண் உப்பும், மேலே சூட்டுப்பெட்டியில் கிருமி பெருகும். மடி வீங்கிய மாட்டின் பால் எங்களிடம் வரும். அதிலிருக்கும் கிருமியைப் பிரித்தெடுத்து, தட்டில் ஊற்றி உறையவைத்த ஏகார் என்ற கடற்பாசிக் கூழின்மேல் பஞ்சுக்குச்சியால் பூசுவோம். அதன்மேல் மருந்து ஊறிய சின்னச் சின்னக் கடதாசி வில்லைகளை வைப்போம். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி பாலாடைபோலப் படர்ந்திருக்கும். எந்த வில்லையைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் வெறும் வட்டம் விழுந்திருக்கிறதோ, அந்த மருந்துக்குக் கிருமி பயப்படுகிறது என்று அர்த்தம். வட்டத்தை அடிமட்டத்தால் அளந்து, அகலம் போதுமென்றால் ‘கேட்கும்’, போதாதென்றால் ‘கேட்காது’ என்று எழுதிக் கொடுப்போம். மாட்டு வைத்தியர் அதைப் பார்த்து ஊசி போடுவார். மாடு சுகமானால் அவருக்கு நன்றி. சுகமாகாவிட்டால் லேப்புக்கு ஏச்சு.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் வேலை செய்யும் இடத்தில், உங்களுக்குப் பின்னால் வந்து, உங்களைவிட அழகாக வேலை செய்து, அதற்கு மேல் நல்லவளாகவும் இருந்து தொலைக்கிற ஒருத்தி வாய்த்திருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குச் சட்டென்று விளங்கும். வாய்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் மேலும் எனக்குப் பொறாமைதான்.

வந்த அன்றே

எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கத்தில் மாட்டு வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றபின் சொந்தமாக இந்த லேப்பைத் தொடங்கியவர். எந்த அறிக்கையும் அவர் கையெழுத்து இல்லாமல் படியிறங்காது. ஒருநாள் அடிமட்டத்தைக் கண்ணுக்குள் குத்திக்கொள்வதுபோல் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, “யோகா, எனக்கு இனி மில்லிமீட்டர் பிடிபடுதில்லை. கண்புரை ஒப்பரேசனுக்கு முதல் கையெழுத்து வைக்கிற பொறுப்பை ஒரு ஆளிட்டைக் குடுக்கவேணும்” என்றார். அப்போது லேப்பில் இருந்த ஒரே ஆள் நான். என் அம்மா பன்வில தோட்டத்தில் கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியவர். என் கையெழுத்தை நம்பி ஒரு மாட்டுக்கு ஊசி ஏறப்போகிறது என்ற நினைப்பே எனக்கு இனித்தது. அன்றைக்கு வீட்டில் பழைய பேப்பர் ஓரமெல்லாம் யோகேஸ்வரி, யோகேஸ்வரி என்று எழுதிப் பார்த்தேன். ‘ஸ்வ’ மட்டும் கொஞ்சம் கோணியது. சரி, பழகினால் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் ரிஸ்மியா வந்து சேர்ந்தாள். கலகெதரப் பிள்ளை. வந்த அன்றே ஒரு தட்டுப் பூசி வைத்தாள். மறுநாள் சூட்டுப்பெட்டியைத் திறந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. கிருமி ஒரு கோடு, ஒரு திட்டு இல்லாமல் சமமாகப் படர்ந்திருந்தது. வட்டங்களோ கவராயம் வைத்துக் கீறிய மாதிரி. என் தட்டுகளில் அங்கங்கே பஞ்சுக்குச்சி போன பாதை தெரியும், முற்றம் கூட்டிய விளக்குமாற்றுக் கோடுபோல. அளவு சரியாகத்தான் இருக்கும். ஆனால் அழகு என்று ஒன்று இருக்கிறதே! டொக்டர் அவளுடைய தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“எடி பிள்ளை, தட்டு எண்டால் இப்படி இருக்கவேணும்.”

பஸ்ஸில் வந்த பால்

பன்வில, மடுல்கலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாம் என்னைத் தேடித்தான் வருவார்கள். கலகெதரப் பக்கத்து ஆட்கள் அவளைத் தேடி வருவார்கள். யாரும் வகுத்த எல்லை இல்லை, தானாக அமைந்துவிட்டது. அவளுடைய ஆட்களைப் பார்க்கவேண்டும் நீங்கள். போத்தலைக் கொதிநீரில் அலசி, காம்பைத் துடைத்து, முதலில் பீச்சும் பாலைக் கீழே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, வெள்ளைத் துணி சுற்றிக் கொண்டுவருவார்கள். அவள் தொலைபேசியில் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருப்பாள். நானும் அதையேதான் சொல்கிறேன், அவளைவிட உரத்துச் சொல்கிறேன்.

என்னைத் தேடி வந்தவர் பன்வில ராசு அண்ணன். அவருடைய பாலைச் சேகரிப்பு நிலையத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர் கொண்டுவந்த போத்தல் சுத்தம், மூடி இறுக்கம், பாலும் நல்ல வெள்ளை. ரிஸ்மியாவின் கண்ணில் படும்படி அதை மேசை நடுவில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். மறுநாள் தட்டில் ஒன்றுமில்லை. திரும்பவும் போட்டேன். அப்போதும் துடைத்துவைத்த மாதிரி வெறுமை. அண்ணனைக் கூப்பிட்டு, “பாலை என்ன பண்ணுனீங்கண்ணே?” என்று கேட்டேன். “மூணு பஸ் மாறி வரணுமே, கெட்டுப்போயிரும்னு நல்லா பொங்கவிட்டுக் காய்ச்சித்தான் கொண்டாந்தேன்” என்றார். அந்தப் பக்கம் ரிஸ்மியா சிரிப்பை அடக்குவது கேட்டது. காய்ச்சினால் கிருமி செத்துப்போகும், செத்ததை நான் எப்படி வளர்க்கிறது, புதிதாகக் கறந்து வாருங்கள் என்று பொறுமையாக விளக்கினேன். அண்ணன் உடனே சொன்னார்:

“கிருமி செத்துப்போச்சில்ல, அப்ப வருத்தம் சொகமாயிருச்சின்னே எழுதிக் குடுத்துருங்க தங்கச்சி!”

அக்கா மாடும் தங்கை மாடும்

கடுகண்ணாவையில் கடை வைத்திருக்கிற ஓர் அம்மா. இரண்டு மாடு அவருக்கு. அதில் ஒன்றின் பாலை நான்தான் சோதித்தேன். வில்லையைச் சுற்றி நல்ல வட்டம் விழுந்தது. ‘கேட்கும்’ என்று எழுதினேன். டொக்டர் கையெழுத்து வைத்தார். காம்புக்குள் ஏற்றுகிற மருந்துக் குழாய்களை வைத்தியர் எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அந்த அம்மா படியேறி வந்து, “வீக்கம் வாங்கல, பாலும் திரிஞ்ச மாதிரியே வருது. என்னத்த பாத்தீங்க இங்க?” என்று ஒரு பிடி பிடித்தார்.

டொக்டர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். தட்டைச் சரியாகப் பார்த்தாயா, வில்லை பழையதா, பிரிட்ஜுக்கு வெளியே கிடந்ததா, பகல்கனவு கண்டுகொண்டு பூசினாயா என்று வரிசையாக. இந்த மாதிரி ஏச்செல்லாம் எனக்கு மட்டும்தான். ரிஸ்மியாவிடம் ஒரு வார்த்தை உரத்துப் பேசமாட்டார். கையெழுத்து என் கையைவிட்டுப் போகிறது என்று எனக்கு அங்கேயே தெரிந்தது.

ரிஸ்மியா அந்த அம்மாவுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். கடை, பிள்ளை, மழை என்று எதையோ கேட்டுக்கொண்டே வந்து, நடுவில் “குழாய் எல்லாம் முடிஞ்சிதா அம்மா?” என்று ஒன்றைக் கேட்டாள். உண்மை வெளியே வந்தது. ஒரு மாட்டுக்குக் கொடுத்த மருந்தில் பாதி, நோயே இல்லாத மற்ற மாட்டுக்குப் போயிருக்கிறது! தட்டில் வில்லை முழு வில்லை. மடியில் போனதோ பாதி மருந்து. டொக்டர் உள்ளே போய்விட்டார். என்னைக் காப்பாற்றியவள் அவள்தான். கடைசியில் அவளாலா தப்பிப் பிழைக்கவேண்டும் என்றுதான் எனக்கு எரிந்தது. அந்த அம்மாவுக்கோ ஒரு கூச்சமும் இல்லை:

“ரெண்டும் அக்கா தங்கச்சி. ஒண்ணுக்கு மட்டும் மருந்து குடுத்தா மத்தது பாத்துக்கிட்டு ஏங்கிப்போகுமேம்மா!”

அந்த மாட்டின் மனம் எனக்கு நன்றாகவே விளங்கியது.

புல்லுத் தின்கிற சாட்சி

ஒருநாள் அவளுக்கும் அடி விழுந்தது. கலகெதரக்காரர் ஒருவர், வாட்டசாட்டமான மனிதர், ரிஸ்மியா எழுதிய அறிக்கையைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருடைய மாட்டுக்கு வைத்தியர் எங்கள் பதிலுக்குக் காத்திராமல் ஒரு மருந்தைத் தொடங்கியிருக்கிறார். பிறகு போன அறிக்கையில் அதே மருந்து ‘கேட்காது’ என்று இருந்தது. இடைப்பட்ட நேரத்தில் மாடு எழும்பி, வீக்கம் வடிந்து, தோட்டத்தில் பாதியை மேய்ந்துவிட்டதாம். “ஒங்கட தட்டு கேக்காது எண்டு சொல்லுது. என்ட மாடு புல்லுத் திங்கிது. நான் யார நம்புற?” என்று சத்தம் போட்டார்.

இந்த முறை கதிரை போட்டவள் நான்தான். வசதியாக உட்கார்ந்து ஏசட்டும் என்று தண்ணீரும் கொடுத்தேன். தட்டும் சரியாகத்தான் இருந்தது, மாடும் சரியாகத்தான் இருந்தது, இப்படி நடப்பதுண்டு. எனக்கும் காரணம் தெரியும். வாயைத் திறந்தேனா? இல்லை. டொக்டர் காதில் நன்றாக விழட்டும் என்று கதவைக் கொஞ்சம் அகலத் திறந்துவிட்டேன்.

ரிஸ்மியா பதறவில்லை. “இந்தத் தட்டில ஈக்கிறது கிருமியும் மருந்தும் மட்டும்தான். மடிக்குள்ள எண்டா மாடும் சேந்து சண்ட புடிக்கும். நல்ல தீனி, நல்ல கறவ, நல்ல ஒடம்பு ஈந்தா சில மாடு மருந்தில்லாமலே வெண்டுரும். தட்டுக்கு அது தெரியாது” என்றாள். நான் இத்தனை வருடமாக வாடிக்கைக்காரர்களுக்கு விளக்கத் தெரியாமல் திண்டாடியதை இப்படி மூன்று மூச்சில் சொல்லிவிட்டாள். வந்தவரின் முகம் அப்படியே மாறிவிட்டது. அறிக்கையைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்:

“அப்ப என்ட மாடுதான் கெட்டிக்காரி! அத வளத்தவன் சும்மாவா?”

தாராளக் கை

பிறகு டொலர் தட்டுப்பாடு வந்தது. எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை என்று ஊர் வரிசையில் நின்ற காலம் உங்களுக்கும் மறந்திருக்காது. எங்களுக்கு அதற்கு மேல் ஒன்று: ஏகார்த் தூள் இல்லை. இருக்கிற போத்தல் முடிந்தால் அடுத்த போத்தல் கப்பலில் வருமா, வராதா என்று யாருக்கும் தெரியாது. மின்வெட்டில் பிரிட்ஜும் சூடேறி, எங்கள் வேலை சரியா என்று சோதித்துப் பார்க்க வைத்திருந்த ‘அளவுக் கிருமி’யும் செத்துப்போனது. எந்த மருந்துக்கு எவ்வளவு வட்டம் விழவேண்டும் என்று முன்பே தெரிந்த கிருமி அது. தராசுக்குப் படிக்கல் மாதிரி. அது இல்லாமலே நாங்கள் நிறுத்துக்கொண்டிருந்தோம்.

டொக்டர் எங்களைக் கூப்பிட்டு, “தட்டைக் கொஞ்சம் மெல்லிசா ஊத்துங்கோ. தூளை இழுத்துப் பிடிக்கவேணும்” என்றார். ரிஸ்மியா சொன்னதைக் கேட்டாள். கொஞ்சம் மெல்லிசாக, பிறகு இன்னும் கொஞ்சம் மெல்லிசாக. ஒரே போத்தலில் என்னைவிட எத்தனையோ தட்டு அதிகமாக ஊற்றி அடுக்கினாள். டொக்டருக்கு வாயெல்லாம் பல். அதோடு ஓர் அதிசயம்: அவளுடைய வட்டங்கள் முன்னைவிட அகலமாக, முழுநிலாப்போல விழத் தொடங்கின. வருகிற ஆட்களுக்குக் காட்டுவதற்கென்றே டொக்டர் அவளுடைய தட்டொன்றை மேசையில் வைத்திருந்தார். நானோ பழைய அளவுக்கே ஊற்றினேன். இதில் அறிவு, கெட்டித்தனம் என்று எதையும் தேடாதீர்கள். ரிஸ்மியா மெல்லிசாக ஊற்றிப் பெயர் வாங்குகிறாள், அவளைப் பார்த்து அதையே நானும் செய்வதா என்ற வீம்பு, அவ்வளவுதான். அந்த வீம்புக்கு ஒவ்வொரு நாளும் எனக்கு ஏச்சு விழுந்தது. ஒருநாள் என் தட்டைத் தூக்கிப் பாரம் பார்த்துவிட்டு டொக்டர் கேட்டார்:

“ஏனடி, கலியாண வீட்டுப் பந்தியில சாம்பாரே ஊத்துறாய்?”

பக்கவாட்டில்

கண் ஒப்பரேசனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் ஏகார்த் தூளும் கொஞ்சம் வந்திருந்தது. டொக்டர் தெரிந்த ஒருவரிடமிருந்து புதிதாக அளவுக் கிருமி வாங்கிவந்து எங்கள் இரண்டு பேருக்கும் பிரித்துத் தந்தார். “உங்கட தட்டு, உங்கட கை. இந்தக் கிருமிக்கு விழவேண்டிய அளவு எனக்கு மனப்பாடம். ஆருடைய வட்டம் அந்த அளவுக்குள்ள விழுதோ அவவுக்குக் கையெழுத்து” என்றார். ரிஸ்மியா வழக்கம்போல அமைதியாகப் பூசினாள். நான் அவளுடைய மேசையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே பூசினேன்.

மறுநாள் டொக்டர் இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எனக்குப் பார்க்கவே முடியவில்லை. அவளுடையது அகலமான, துலக்கமான வட்டங்கள். என்னுடையது அதற்குப் பக்கத்தில் சோம்பிப்போய்த் தெரிந்தது. போய்விட்டது, அவ்வளவுதான் என்று முடிவே செய்துவிட்டேன். இனி அவளுடைய கையெழுத்துக்கு நான் தட்டுப் பூசவேண்டும். வேறு எங்காவது வேலை தேடலாமா, ஒரு பாமசியில் நிற்கலாமா என்றெல்லாம் மனம் ஓடியது. டொக்டர் பூதக்கண்ணாடியை வைத்து அவளுடைய முதல் வட்டத்தை அளந்தார். “பெரிசு” என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன். அடுத்ததை அளந்தார். “இதுவும் பெரிசு.” கடைசி வில்லைவரை அப்படியே போனது. குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பிறகு என் தட்டை எடுத்தார். “சரி. இது சரி. இதுவும் சரி.”

அதன்பிறகுதான் அவளுடைய தட்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தார். நானும் அப்போதுதான் பக்கவாட்டில் பார்த்தேன். ஏகார் அப்பளம் மாதிரி மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஏகார் மெல்லிசானால் வில்லையிலிருந்து வரும் மருந்து கீழே இறங்க இடமில்லாமல் பக்கவாட்டில் ஓடும். கிருமி பயப்படாத மருந்துக்கும் வட்டம் பொய்யாக அகன்றுவிடும். படிக்கும்போது எல்லோருக்கும் சொல்லித்தருகிற விசயம்தான். டொக்டருக்குக் கண் தெரியவில்லை. ரிஸ்மியா நாளுக்கு நாள் மயிரிழையாகக் குறைத்ததில் அவளுக்கே தெரியவில்லை. எனக்குக் கண்ணும் இருந்தது, அறிவும் இருந்தது. ஆனால் அவளுடைய தட்டை நான் ஒருநாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. மேலேயிருந்து பார்த்து எரிந்ததோடு சரி.

எனக்குச் சந்தோசம் பொங்கியது என்பதை மறைக்கமாட்டேன். அந்தச் சந்தோசம் ரிஸ்மியாவின் முகத்தைப் பார்க்கும்வரைதான் இருந்தது. அவள் கையெழுத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. “அப்ப நான் கேக்கும் எண்டு எழுதின மருந்தெல்லாம் மெய்யாவே கேட்டிச்சா டொக்டர்? அந்த நானாட மாட்டுக்கு ஒரு காம்பு வத்திப்போச்சே, அது என்னாலயா?” என்றாள். கலகெதரயில் ஒரே ஒரு மாட்டை வைத்துப் பிழைக்கிற இன்னொருவர் அவர்; அண்ணன் முறையில் அவள் நானா என்பாள். மருந்து மாற்றி மாற்றிப் போட்டும் அந்த மாட்டின் ஒரு காம்பு பாலற்றுப்போய்விட்டது. பிரிட்ஜில் மிச்சமிருந்த அவளுடைய கிருமிகளை எல்லாம் எடுத்து, என் தட்டுகளில் திரும்பப் போடச் சொல்லி டொக்டர் அங்கேயே உத்தரவிட்டார். தப்பாகப் போன அறிக்கைக்காரர்களைத் தானே தொலைபேசியில் கூப்பிடுவதாகச் சொன்னார். அந்த நானாவை முதலில் கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ ஏன் பழைய அளவை விடேல்லை?” என்று கேட்டார். “கை பழகிப்போச்சு டொக்டர்” என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது, இவள்மேல் இருந்த பொறாமையில் என்றா? அவர் தலையை ஆட்டிவிட்டு ரிஸ்மியாவிடம் போய் நின்றார். இத்தனை வருடத்தில் என் எந்தப் பிழையையும் அவர் தன் தலையில் போட்டுக்கொண்டதில்லை. அவளுக்குச் சொன்னார்:

“அழாதேங்கோ பிள்ளை. மெல்லிசா ஊத்தச் சொன்னது நான், கண் தெரியாமல் புகழ்ந்ததும் நான்.”

ஏச்சு

இப்போது அறிக்கைகளில் விழுவது என் கையெழுத்து. முதல் அறிக்கையில் கையெழுத்து வைத்தபோது ‘ஸ்வ’ கோணவே இல்லை. வீட்டுக்குப் போய் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “மாட்டுப் பாலுக்கா கையெழுத்து வக்கிற?” என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டார்.

ரிஸ்மியா வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் விட்டிருப்பேன், போகும்போது கதவையும் அடித்துச் சாத்தியிருப்பேன். அவளோ அடுத்த நாள் காலையில் வெறும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, “அக்கா, நீங்க ஊத்திக் காட்டுங்க” என்றாள். காட்டினேன். என்னிடம் ஒருத்தி கற்றுக்கொள்கிறாள் என்ற பெருமை கொஞ்சநாள் நின்றது. பிறகு அவளுடைய வட்டங்கள் சரியான அளவுக்குள் விழத் தொடங்கின, அதே அழகோடு. என்னுடையதில் விளக்குமாற்றுக் கோடு இன்னும் போகவில்லை. கலகெதர நானா வேறு, காம்பு போனதற்கு அவளை ஒரு வார்த்தை சொல்லாமல், அதே மாட்டின் பாலை மறுபடியும் அவளிடமே கொண்டுவந்து நிற்கிறார்.

டொக்டருக்கு ஒப்பரேசன் நன்றாக முடிந்தது. கண் தெளிந்ததும் அவர் செய்த முதல் வேலை, ரிஸ்மியாவை ஏசுவது. “என்ன இது, இவ்வளவு கிட்டக் கிட்ட வில்லை வைக்கிறீர்? ஆர் உமக்குப் படிப்பிச்சது?” என்று மாடி அதிரச் சத்தம். எனக்கு வந்துகொண்டிருந்த ஏச்செல்லாம் முகவரி மாறி அவளுக்குப் போகிறது. என் தட்டைப் பார்த்து, “சரி, நல்லது” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஒருநாள் அவர் ஏசி முடித்துப் போனபின் ரிஸ்மியாவைப் பார்த்தேன். அழுதுகொண்டிருப்பாள், ஆறுதல் சொல்லலாம், அதிலாவது நான் மேலே நிற்கலாம் என்று போனேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு. “என்ன பிள்ள, ஏச்சு வாங்கிட்டுச் சிரிக்கிற?” என்று கேட்டேன். பஞ்சுக்குச்சியைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

“அக்கா, வந்த நாள்ல ஈந்து ஒங்களப் பாத்து எனக்கு ஒரே பொறாம. டொக்டர் ஒங்களுக்கு மட்டும்தான் ஏசுவாரு, சொந்த மகளுக்கு ஏசுற மாதிரி. நான் எண்டா வெளியாளு, பாராட்டி அனுப்பிருவாரு. இண்டைக்குத்தான் எனக்கும் ஏசுறாரு, அல்ஹம்துலில்லாஹ்!”

இப்போது கையெழுத்து எனக்கு, ஏச்சு அவளுக்கு. உள்ளே டொக்டர் அவள்மேல் சத்தம் போடத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் வெளியே என் ‘ஸ்வ’ கோணிப்போகிறது.